பென்சிலை விட்டுட்டு அட்டாலியைப் பாருங்க

கேசட் ஓட்டைக்குள்ள பென்சிலை விட்டுச் சுத்தற படம் ஒண்ணு. "இது ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு தெரிஞ்சவங்க மட்டும் கை தூக்குங்க"ன்னு மேல ஒரு வரி. வருசத்துக்கு நாலு தடவையாவது இது என் போனுக்கு வந்து சேருது. அனுப்பறவங்க எல்லாம் கோயமுத்தூர், சென்னை, பெங்களூர்ல குடியிருக்கிற என் வயசுக்காரங்க. கீழே வரிசையா பெருமூச்சு. டிடிகே சி-60, மெல்ட்ராக், ரெக்கார்டிங் சென்டர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்தது, ரெண்டு நாள் காத்திருந்தது, அட்டையில அழகாப் பாட்டுப் பேரு எழுதினது. அந்தக் காலத்துல பாட்டுக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு, இப்ப இருக்கிற பசங்களுக்கு அது எங்கே தெரியப் போவுதுன்னு முடிச்சுருவாங்க.

இந்தப் பெருமூச்சு மேல எனக்குக் கோவம் இருக்குதுங்க. கேசட் மேல கோவம் இல்லை. கேசட்டுல எதை இழந்தோமோ அதை விட்டுப்போட்டு, இழக்காததுக்கு அழுதுட்டு இருக்கிறாங்களேன்னுதான்.

நீங்க லிஸ்ட் எழுதிக் குடுத்துப் பதிஞ்ச பாட்டுல ஒண்ணாவது இன்னைக்குக் காணாமப் போயிருக்குதுங்களா? 1976-ல வந்த அன்னக்கிளியில இருந்து, அதுக்கு முந்தின விஸ்வநாதன் ராமமூர்த்தி பாட்டு வரைக்கும் எல்லாம் உங்க சட்டைப் பாக்கெட்டுல இருக்கு. அதுவும் நாம கேட்டதை விடத் தெளிவா. எல்பி தட்டுல ஊசி குதிச்ச எடத்துல நம்ம கேசட்டுலயும் குதிக்கும், ஞாபகம் இருக்குதுங்களா? அந்தக் குதியல் இல்லாத பாட்டைக் கேட்டா எனக்கு இன்னமும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. இருந்தாலும் பாட்டு போகலை. போனது உங்க இருபது வயசு. அதுக்கு அழறது நியாயம், அழுங்க. அதை இசைக்கான துக்கம்னு மட்டும் சொல்லாதீங்க.

பொறுமை, மதிப்புன்னு சொல்றாங்களே, அதையும் பேசிப்போடலாம். காசில்லாததுக்குப் பேரு பொறுமை இல்லை. எனக்கு நினைவு தெரிஞ்ச எண்பதுகள்ல ஒரு நல்ல காலி கேசட்டு வாங்கி, அதுல பாட்டுப் பதியற கூலியும் குடுக்கணும்னா, எங்க தோட்டத்துல நாள் பூரா களை வெட்டின பொம்பளையாளோட கூலி பத்தாது. சி-60ன்னா பக்கத்துக்கு முப்பது நிமிசம், ஆறேழு பாட்டு. கடைசிப் பாட்டு பாதியில அறுந்துரும். பஸ் ஏறிப் போய் லிஸ்ட் குடுத்து, மறுவாரம் சந்தைக்குப் போகையில வாங்கிட்டு வருவோம். மூணாவது பாட்டு நாம கேட்டதா இருக்காது, கடைக்காரர்கிட்ட அந்தத் தட்டு இருந்திருக்காது, அதுக்குப் பதிலா அவருக்குப் பிடிச்சதைப் போட்டிருப்பார். கேட்டா, "இதும் நல்ல பாட்டுத்தானுங்க, கேட்டுப் பாருங்க"ம்பார். பல நேரம் அவர் சொன்னது சரியாத்தான் இருக்கும், அது வேற விசயம். ஆனா இதையெல்லாம் தவம் மாதிரிப் பேசறது, கவலை ஓட்டின எங்க அப்பாருக்கு மின்மோட்டார் பிடிக்கவே பிடிக்காதுன்னு சொல்ற மாதிரி. மோட்டார் வந்த அன்னைக்கு அவரைப் போல சந்தோசப்பட்ட ஆள் இந்த ஊர்ல கிடையாது.

சரி, அப்ப காலி கேசட்டுக்குன்னு ஒரு தனிப் பெருமை இல்லையா? இருக்கு. அதுதான் உங்க பதிவுல ஒருத்தர் வாயிலயும் வரமாட்டேங்குது.

அதுக்கு முன்னால பாட்டுப் பதியறதுன்னா கம்பெனிக்காரன் வேலை. எச்எம்வி மாதிரிக் கம்பெனி யாரைப் பாடச் சொல்லுதோ அவங்க குரல்தான் தட்டுல ஏறும். நாம காசு குடுத்துக் கேக்கலாம், அவ்வளவுதான். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல இந்தச் சின்னக் கேசட்டைக் கொண்டு வந்ததுக்கு அப்புறம், அது மெல்ல மெல்ல நம்ம ஊருக்கு வந்து, எழுபது எண்பதுகள்ல வீட்டுக்கு வீடு டேப்ரிக்கார்டர் ஆனதுக்கு அப்புறம், முதல் தடவையா மைக்கு நம்ம கைக்கு வந்துச்சு. பிளே பட்டனையும் சிவப்பு பட்டனையும் சேர்த்து அமுக்கினாப் போதும். சிவப்பு பட்டன்! பாட்டுக் கேக்க அது வேண்டியதில்லை. நம்ம குரலைப் பதியறதுக்காக வெச்சது அது. பீட்டர் மேனுவல்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், வட இந்தியாவுல கேசட் வந்த பிற்பாடு வட்டாரப் பாட்டுகள் எப்படிச் சின்னச் சின்னக் கம்பெனிகள் மூலமா தலையெடுத்துச்சுன்னு 1993-ல ஒரு புத்தகமே எழுதினார். நம்ம ஊர்ல நடந்தது அதை விடச் சின்னது, கம்பெனி கூட இல்லாதது. சவுதிக்குப் போன மகனுக்கு ஆத்தா பேசி அனுப்பின கேசட்டு. கல்யாணத்துல பந்தக்காலுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு வெச்ச டேப்ரிக்கார்டர். கோயில் நோம்பியில விடிய விடிய உடுக்கை அடிச்சுப் பாடினதை, பேட்டரி தீர்ற வரைக்கும் பிடிச்ச பையன்.

கொங்கு நாட்டுக் கல்யாணம் பாத்தவங்களுக்குத் தெரியும். கவுண்டர் வீட்டுக் கல்யாணத்துல அருமைக்காரர் சீர் பண்ணுவார், குடிமகன்னு நாங்க சொல்ற நாவிதர் எழுந்து நின்னு மங்கல வாழ்த்துப் பாடுவார். கம்பர் பாடிக் குடுத்ததுன்னு சொல்லுவாங்க. சொல்லு சொல்லா, சீர் சீரா, இடையிடையே மத்தளம் தட்டி நிறுத்தி, அந்தக் கல்யாணம் எப்படி நடக்கணும்னு அதுலயே எல்லாம் வந்துரும். புத்தகமா அச்சுல கிடைக்குது. ஆனா அச்சுல இருக்கிறது சொல்லு மட்டும். எந்த எடத்துல இழுத்தார், எந்த எடத்துல மூச்சு வாங்கினார், காங்கயத்துப் பக்கம் எப்படி, பொள்ளாச்சிப் பக்கம் எப்படி, ஒவ்வொரு குடும்பமும் எந்த மெட்டுல சொல்லிக் குடுத்துச்சு, இதெல்லாம் அச்சுல ஏறாது. பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லுக்கு ஒரு அகராதி போட்டுட்டார். ஆர். சண்முகசுந்தரம் நாகம்மாள் நாவல்லயே எங்க பேச்சை எழுத்துல நிக்க வெச்சுட்டுப் போயிட்டார். சத்தத்துக்கு யார் இருக்காங்க?

ஒருத்தர் இருந்தாங்க. அவங்க நம்ம ஊர்க்காரங்க இல்லை. பிரெண்டா பெக்னு கனடாக்கார அம்மா. 1960கள்ல காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்துல வந்து தங்கி ஆராய்ச்சி பண்ணினாங்க. கொங்குக் குடியானவச் சமூகத்தைப் பத்தி அவங்க எழுதின புத்தகம் 1972-ல வந்துச்சு. அந்த ஊர்ல இருந்தப்போ, 1965-ல, ராமசாமி நாவிதர் அண்ணன்மார் கதையைப் பாட, அதைப் பெரிய சுருள் டேப்புல பிடிச்சாங்க. ராத்திரி ராத்திரியா, மொத்தம் 38 மணி நேரம். அதே பாட்டுக்காரரை, பாட விடாம, கதையைச் சொல்லச் சொல்லி எழுதவும் வெச்சாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணு இல்லை. கூட்டத்துக்கு நடுவுல உடுக்கை அடிச்சுப் பாடறப்போ வர்றது வேற, உக்காந்து சொல்லச் சொல்ல எழுதறப்போ வர்றது வேற. இந்த வித்தியாசத்தையே வெச்சு 1982-ல ஒரு புத்தகம் எழுதினாங்க. பின்னாடி அந்தக் கதையைத் தமிழும் இங்கிலீசுமாப் பதிப்பிச்சாங்க, 26 பாகத்துல கார்ட்டூன் படமாவும் எடுத்தாங்க.

பொன்னர் சங்கர்னா உங்கள்ல பல பேருக்குக் கலைஞர் எழுதின நாவல், இல்லாட்டி 2011-ல பிரசாந்த் ரெட்டை வேசத்துல நடிச்ச படம். எங்களுக்கு அது வீரப்பூர் மாசித் திருவிழா, ஊர்க் கோயில்ல படுகளம் விழுந்தவங்க எழும்பற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கற பொம்பளைங்க. அதைப் பாடற ஆளு உடுக்கையை வேகமா அடிக்கிறப்போ கூட்டத்துல யாருக்கோ அருள் வந்துரும், கதை அங்கேயே நின்னுரும், அப்புறம் விட்ட எடத்துல இருந்து எடுப்பார். இந்த நிப்பும் எடுப்பும்தான் கதை.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. 38 மணி நேரம்னா, ஒண்ணரை மணி நேரம் ஓடற சி-90 கேசட்டுல 26 போதும். இருபத்தாறே கேசட்டு. 1985-ல, 90-ல ஒரு நடுத்தரப் பண்ணையக்காரர் வீட்டு அலமாரியில சினிமாப் பாட்டுக் கேசட்டு அதை விட அதிகமா இருந்துச்சுங்க. அந்தப் பெரிய மெசினைத் தூக்கிட்டு வந்து ஒரு அம்மா பிடிச்சுட்டுப் போன ஒரு ஊர், ஒரு பாட்டுக்காரர். அடுத்த இருபது வருசத்துல எங்க ஒவ்வொரு வீட்டுலயும் அதை விட லேசான மெசின் இருந்துச்சு, பாட்டுக்காரங்களும் உயிரோட இருந்தாங்க. தாராபுரம், வெள்ளகோயில், பல்லடம், அன்னூர், கோபின்னு ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு ராமசாமி இருந்தார். அவங்களை எத்தனை பேர் பிடிச்சோம்? கொஞ்சம் பேர் பிடிச்சாங்க. பிடிச்சதுலயும் பாதிக்கு மேல என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

டேப்ரிக்கார்டரைப் பிரிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும். சிவப்பு பட்டனை அமுக்கினா நாடா ரெண்டு ஹெட்டுகளைத் தாண்டிப் போகும். முதல்ல இருக்கிறது அழிக்கிற ஹெட்டு. அது பழசைத் துடைச்சு விடும். அதுக்கு அப்புறம்தான் பதியற ஹெட்டு. வயல்ல போன போகத்துத் தட்டை இருக்கையில விதைக்க முடியாது பாருங்க, உழுது போட்டுத்தான் விதைக்கணும், அது மாதிரி. காலி கேசட்டுக்கு விலை அதிகம், புதுப் படம் வாராவாரம் வருது. அப்ப வீட்டுல எது 'சும்மா' கிடக்குதோ அது மேல பதிவாங்க. எது சும்மா கிடக்கும்? சினிமாப் பாட்டு கிடக்காது, அது தினமும் ஓடும். பெரியப்பன் கல்யாணத்துல பாடின மங்கல வாழ்த்துச் சும்மாக் கிடக்கும். நோம்பியில பிடிச்ச உடுக்கைப் பாட்டுச் சும்மாக் கிடக்கும்.

ஒப்பாரிக்கு இன்னும் மோசம். எழவு வீட்டுல பாடினதை வீட்டுக்குள்ள வெச்சிருக்கக் கூடாது, போட்டுக் கேட்டா இன்னொரு எழவு விழும்னு பயம். யாராச்சும் துணிஞ்சு பிடிச்சிருந்தாலும் கருமாதி முடிஞ்ச கையோட அழிச்சிருவாங்க. பக்கத்து ஊர்ல ஒரு வீட்டுல நானே பாத்திருக்கேன். அந்த வீட்டு அம்மாயி தன் அண்ணன் செத்தப்போ பாடின ஒப்பாரி. அட்டையில ஒண்ணும் எழுதலை. மேல ஒரு படத்துப் பாட்டு ஏத்தி இருந்தாங்க. கடைசிப் பாட்டு முடிஞ்சதும் நாடா தீர்ற வரைக்கும் ரெண்டு நிமிசம் அம்மாயி குரல் மிச்சம் இருந்துச்சு. வீட்டுப் பசங்களுக்கு அது யாருன்னு தெரியலை. பெரியவர் ஒருத்தர் வந்து கேட்டுப்போட்டு, துண்டால வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போயிட்டார்.

அந்த ரெண்டு நிமிசம் எந்தச் செயலியிலயும் கிடைக்காது. அது மேல ஏத்தின பாட்டு ஆயிரம் எடத்துல கிடைக்கும். உங்க ஏக்கமெல்லாம் மேல ஏத்தின பாட்டுக்குத்தானுங்களே, அதுதான் என் சண்டை.

இதுக்கு எதிர்ப்பேச்சு இருக்கு. எனக்கே நாலு பேர் சொல்லி இருக்காங்க. வேலை போனா வேலைப்பாட்டும் போகும், அதுக்குக் கேசட்டு என்ன பண்ணும்னு. வாஸ்தவம். கவலைப் பாட்டு கேசட்டால சாகலை. 1930கள்ல பைக்காராவுல இருந்து மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்துச்சு, அப்புறம் மோட்டார் கிணத்துக்குக் கிணறு வந்துச்சு, மாடு பின்னால நடந்து வர்ற நேரத்துக்கு இழுத்துப் பாடின பாட்டுக்கு வேலை இல்லாமப் போச்சு. அதுக்காக யாரும் மறுபடி பறி கட்டித் தண்ணி இறைக்கப் போறது இல்லை, இறைக்கவும் வேண்டாம். ஆனா பாட்டு நின்னு போறது வேற, நின்னு போன பாட்டு எப்படி இருந்துச்சுன்னே தெரியாமப் போறது வேற. முதலாவதுக்கு யாரும் பொறுப்பு இல்லை. ரெண்டாவதுக்கு, பதியற மெசின் கையில இருந்த தலைமுறை பொறுப்பு. இப்பப் பென்சில் படம் போடற தலைமுறைதான் அது.

இன்னொருத்தர், "அதுதான் வள்ளி கும்மி இப்ப ஊரூரா ஆடறாங்களே, 2024-ல வள்ளி ஒயில் கும்மிக்காக பத்ரப்பன் ஐயாவுக்குப் பத்மஸ்ரீயே குடுத்தாங்களே, எங்கே அழிஞ்சுது?"ன்னார். சந்தோசமான சேதிதான். எங்க ஊர்ப் பொம்பளைப் பிள்ளைங்களும் ஒரே நிறத்துச் சேலை கட்டி ஆடறாங்க, நானும் கை தட்டினேன். ஆனா இன்னைக்கு ஊரூரா ஓடறது பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு ஆசிரியர்கள் கட்டிக் குடுத்த ஒரே பாட்டு, ஒரே அடவு. ஸ்பீக்கருக்கும் வீடியோவுக்கும் தகுந்த வேகம். அது புது வெள்ளாமை, வரட்டும். அதுக்காகப் பழைய விதை ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு மாதிரி இருந்ததே, அதை வேண்டாம்னு தூக்கிப் போடலாம்னு ஆகாது. நெல்லுல பாருங்க, எத்தனை ஒட்டு ரகம் வந்தாலும் நாட்டு ரக விதையைக் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல மரபணு வங்கின்னு வெச்சு, குளிர் அறையில காப்பாத்தறாங்க. யாரும் அதைப் பழமைப் பைத்தியம்னு சொல்றது இல்லை. நாளைக்கு ஒரு நோய் வந்தா அந்த விதைதான் வேணும்னு எல்லாருக்கும் புரியுது. பாட்டுக்கும் டெல்லிப் பக்கம் குர்கான்ல, 1982-ல ஆரம்பிச்ச ஒரு ஆவணக் காப்பகம் இருக்கு, நாடு பூரா இருக்கிற இசை ஆராய்ச்சிக்காரங்க பதிஞ்சதைச் சேத்து வெக்கிறதுக்கு. ஆராய்ச்சிக்காரங்க பதிஞ்சது அங்கே போகும். எங்க சின்னய்யன் பதிஞ்சது அட்டாலியிலதான் கிடக்கும்.

அந்த அட்டாலியில அது இப்ப என்ன ஆயிட்டு இருக்குன்னு பாருங்க. கேசட் நாடாங்கிறது நாலு மில்லிமீட்டர் கூட அகலம் இல்லாத பிளாஸ்டிக் பட்டை. அது மேல இரும்புத் துரு மாதிரி ஒரு பொடியைப் பசை போட்டு ஒட்டி இருக்காங்க. சத்தம் இருக்கிறது அந்தப் பொடியில. பசை தளர்ந்தா பொடி உதிரும், உதிர்ந்தது உதிர்ந்ததுதான். ஓட்டு வீட்டு அட்டாலியில சித்திரை மாசத்துச் சூடு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். ஐப்பசி மழையில ஈரம். நாடா மேல வெள்ளையாப் பூஞ்சை படியும். சி-60 நாடாவை விட சி-90 நாடா மெலிசு, சி-120 அதை விட மெலிசு, சுலபமா இழுபடும், சுருங்கும். நேரம் அதிகம் கிடைக்குதுன்னு நோம்பிப் பாட்டுக்கு ஆசை ஆசையாச் சி-90தான் வாங்கி இருப்பாங்க, பாவம். கேசட்டுக்குள்ள நாடாவை ஹெட்டோட அழுத்தறதுக்கு ஒரு சின்னப் பஞ்சு இருக்கும், அதோட பசை காஞ்சு கீழே விழுந்திருக்கும். இதெல்லாம் சரியா இருந்தாக்கூட ஓட்டிப் பாக்க டெக்கு வேணும். டெக்குல இருக்கிற ரப்பர் பெல்ட்டு சும்மா இருந்தாலே தார் மாதிரி இளகிப் போயிரும். பெல்ட்டு மாத்தத் தெரிஞ்ச ரிப்பேர்காரங்க அறுபதைத் தாண்டிட்டாங்க. அவங்களும் போனதுக்கு அப்புறம் நீங்க பென்சிலை விட்டு எத்தனை சுத்து சுத்தினாலும் சத்தம் வராதுங்க.

இன்னொரு விசயம். இதைச் சொன்னா எங்க ஆளுங்களுக்கே பிடிக்காது, இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். டேப்ரிக்கார்டர் இருந்தது யார் வீட்டுல? நிலம் இருந்தவங்க வீட்டுல. பாடினது யாரு? மங்கல வாழ்த்துப் பாடினவர் நாவிதர். உடுக்கை அடிச்சவங்க, பறை அடிச்சவங்க, நடவுல பாடினவங்க, பெரும்பாலும் நிலமே இல்லாதவங்க. கல்யாணத்துல பாடி முடிச்ச பிற்பாடு திண்ணையில ஒதுங்கி உக்காந்து சாப்பிட்டுப் போனவங்க. அவங்க குரல் எங்க வீட்டு அலமாரியில இருக்கு. அவங்க வீட்டுல இல்லை. உங்க தாத்தா குரல் எங்ககிட்ட ஒரு கேசட்டுல இருக்குன்னு அந்தப் பேரப்பசங்ககிட்ட யாரும் போய்ச் சொன்னதும் இல்லை. அவங்கள்ல ஒருத்தன் இன்னைக்குத் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். இன்னொருத்தி கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை. தாத்தா பாடுவார்னு தெரியும், எப்படிப் பாடுவார்னு தெரியாது. அந்தப் பாட்டோட வந்த கூனிக்குறுகலை அவங்க விட்டுட்டுப் போனது நூத்துக்கு நூறு சரி. எவனும் அவங்களைத் திரும்பி வந்து பாடச் சொல்ல வேண்டியது இல்லை. ஆனா தாத்தா குரல் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ற உரிமை அவங்களுது. அலமாரிக்குச் சாவி வெச்சிருக்கிற நமக்கு அந்த உரிமை கிடையாது. அண்ணன்மார் கதையை எங்க சாதிப் பெருமைன்னு மேடை போட்டுப் பேசறவங்க, அதைப் பாடிக் காப்பாத்தினது யாருன்னு ஒரு நிமிசம் ரோசனை பண்ணினா நல்லா இருக்கும்.

பட்டணத்துல இருக்கிற உங்ககிட்ட இதைச் சொல்றதுக்குக் காரணம், ஊர்ல இருக்கிற பெரியவங்களுக்கு இது கேசட்டுக் குப்பை. வீடு இடிச்சுக் கட்டறப்போ முதல்ல போறது அட்டாலிச் சாமான்தான். பித்தளைப் போசியைக் காப்பாத்துவாங்க, பழைய ஈயக்காரன் எடைக்கு எடுப்பான்னு. கேசட்டை அவனும் எடுக்க மாட்டான். குப்பையோட சேத்துக் கொளுத்திருவாங்க. எங்க பக்கத்துல மட்டும் இந்த நாலஞ்சு வருசத்துல எத்தனையோ பழைய வீடு இடிஞ்சு மாடி வீடு ஆயிருச்சு. ஒவ்வொரு இடிப்பும் எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது. கம்ப்யூட்டர் தெரிஞ்சது நீங்க. ஏக்கம் இருக்கிறதும் உங்களுக்குத்தான். அந்த ஏக்கத்தை இங்கே கொஞ்சம் வேலைக்கு விடுங்க.

வேலை பெரிசு இல்லை. அடுத்த தடவை ஊருக்கு வரையில, ஒறம்பரைக்குப் போற வீட்டுல எல்லாம் "பழைய கேசட்டு இருக்குதுங்களா"ன்னு கேளுங்க. சினிமாப் பேரு எழுதினதை ஒதுக்கி வெச்சுட்டு, அட்டையில ஒண்ணும் எழுதாததை, இல்லாட்டி "கல்யாணம்", "கோயில்", "அப்புச்சி பேசினது"ன்னு எழுதினதை எடுங்க. எடுத்த உடனே கேசட்டு முதுகுல இருக்கிற ரெண்டு பிளாஸ்டிக் காதையும் ஒடிச்சு விடுங்க, அதுக்கு அப்புறம் யாரும் தவறிக்கூட மேல பதிய முடியாது. யாராவது முந்தியே ஒடிச்சு வெச்சு, அப்புறம் அது மேல செல்லோடேப் ஒட்டி இருந்தா, மறுபதிவு நடந்திருக்குன்னு அர்த்தம். அப்பவும் தூக்கிப் போடாதீங்க, கடைசி வரைக்கும் ஓட்டிப் பாருங்க, அம்மாயி குரல் மாதிரி ஏதாச்சும் மிச்சம் இருக்கும். வெள்ளையாப் பூஞ்சை தெரிஞ்சா டெக்குல போடவே போடாதீங்க, டெக்கும் கெடும், நாடாவும் கெடும். அதைத் தனியாக் காத்தோட்டமா வைங்க, தெரிஞ்சவங்ககிட்டக் குடுக்கலாம். நல்லா இருக்கிறதை ஒரு முறை முழுசா முன்னால ஓட்டி, மறுபடி பின்னால ஓட்டி, நாடா தளர்ந்த அப்புறம் போடுங்க. டெக்குல இருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர். நேரா வேவ் கோப்பா ஏத்துங்க, எம்பி3-யா மாத்தறது அப்புறம். இரைச்சலை எடுக்கறேன், சுத்தம் பண்றேன்னு கிளம்பிராதீங்க. இரைச்சலோடயே ஒரு பிரதி இருக்கட்டும். பின்னால கேக்கற நாய்க் குரைப்பும், "மைக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வைடா"ன்னு யாரோ சொல்றதும் கூட அந்த ராத்திரியைச் சேந்ததுதான்.

ஏத்தினதுக்கு அப்புறம் வீட்டுப் பெரியவங்களைப் பக்கத்துல உக்கார வெச்சுக் கேளுங்க. பாடறது யாரு, எந்த ஊரு, எந்த வருசம், எந்த வீட்டு விசேசம். கோப்போட பேரா அதையே எழுதுங்க. பாடினவர் பேரு முதல்ல, வீட்டுக்காரர் பேரு அப்புறம். பாடினவரோட குடும்பம் எங்கே இருக்குன்னு விசாரிச்சு ஒரு பிரதியை அவங்க கையில குடுங்க. யூடியூப்ல போடலாமான்னு அவங்களைக் கேக்காமப் போடாதீங்க, அதுவும் ஒப்பாரியைப் போடவே போடாதீங்க. அதைக் கேக்கற உரிமை அந்த எழவு வீட்டுக்காரங்களுக்குத்தான் முதல்ல.

டெக்கு இல்லையேன்னு சொல்லாதீங்க. எங்க தோட்டத்துச் சாளையில ஒண்ணு இருக்கு. புது பெல்ட்டு போட்டாச்சு, வேகம் சரி பாத்தாச்சு, ஹெட்டுத் துடைக்கிற ஸ்பிரிட்டும் பஞ்சும் வெச்சிருக்கேன். மாசம் பொறந்தா மாசி. நோம்பிக்கு வர்றவங்க கேசட்டை மட்டும் துணிப்பையில போட்டு எடுத்துட்டு வாங்க. வெயில்ல கார் டேஷ்போர்டு மேல மட்டும் வெச்சுராதீங்க.